காணி உறுதியும் றங்குப் பெட்டியும்

போரின் செய்தி ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு வழியாக வந்து சேர்கின்றது. 2022 பெப்ரவரி 24ஆந் திகதி ருஷ்யப் படைகள் உக்ரெயினுக்குள் புகுந்த செய்தி, அட்டனை அடுத்த தோட்டங்களுக்குக் கோதுமை மாவின் விலையாக வந்து சேர்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்த விலையை, கருங்கடற் கரையில் மூண்ட போர் மேலும் உயர்த்திற்று. காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி என்று வாழ்ந்து பழகிய லயங்களில் மாவை அளந்து பிசையும் நிலை உண்டாயிற்று. இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் ருஷ்யாவும் ஒன்றாகையால், இனித் தேயிலை என்னவாகுமோ என்ற பேச்சும் பெரட்டுக் களத்தில் எழுந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை, விடுமுறைக்கு வீடு வந்திருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன், லயத்தின் திண்ணையிலமர்ந்து கைத்தொலைபேசியில் ஒரு விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் திமொதி ஸ்னைடர் உக்ரெயினின் உருவாக்கம் பற்றி ஆற்றிய தொடர் விரிவுரை அது. உலகில் எவரும் கேட்கத்தக்க வகையில் இணையத்தில் வெளியிடப்பட்டிருந்தது. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவனுடைய பாட்டி எட்டிப் பார்த்தாள்.

“என்னய்யா அது, இவ்வளவு நேரமா?”

“உக்ரெயின் சரித்திரம் அம்மாயி.”

“சண்ட நடக்குற நாடுன்னு சொன்னியே. சண்டக்குள்ள சரித்திரம் எதுக்கு?”

“சண்டையே சரித்திரத்த வச்சுத்தான் அம்மாயி.”

அவள் மறுமொழி கூறவில்லை. கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவள் கேட்ட கேள்வி எளிய கேள்வியாயினும் எளிதில் விடை கூறத்தக்கதன்று. போர்க் காலத்தில் வரலாறு எதற்கு? அது யாருக்குப் பயன்படுகின்றது? யாரை வெளியே நிறுத்துகின்றது? இக்கேள்விகள் உக்ரெயினுக்கு உரியனபோல் மலையகத்துக்கும் உரியவை.

மாணவன் கூறிய விடையில் உண்மை உண்டு. படையெடுப்புக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 2021 யூலையில், ருஷ்ய ஜனாதிபதி புட்டின் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். ருஷ்யரும் உக்ரெயினியரும் ஒரே மக்களே என்பது அதன் சாரம். ஒரு மக்கட் கூட்டத்துக்குத் தனி வரலாறு இல்லையென்று முதலில் எழுதப்பட்டது; படை பின்னர் அனுப்பப்பட்டது. இவ்வாதம் புதியதன்று. 1904ஆம் ஆண்டிலேயே மிகாய்லோ ஹ்ருஷெவ்ஸ்கி என்ற வரலாற்றாசிரியர், கீவ் நாட்டு வரலாற்றை மொஸ்கோ வரலாற்றின் முன்னுரையாக மட்டும் எழுதும் முறையை மறுத்துக் கட்டுரை வரைந்தார். அதே மனிதர் 1917இல் உக்ரெயினின் மத்திய ராடா என்னும் பேரவைக்குத் தலைவரானார். வரலாற்றாசிரியர் அரசியற் தலைவராவதும், அரசியற் தலைவர் வரலாற்றாசிரியராக வேடம் பூணுவதும் அந்நாட்டின் ஒரு நூற்றாண்டுக் கதையாக அமைந்துள்ளன.

இத்தகைய சூழலில் வரலாறு ஒரு காணி உறுதியாக மாறிவிடுகின்றது. யார் முதலில் வந்தார், யாருடைய அரசு எதுவரை பரந்திருந்தது, எந்தக் கல்லில் எந்த எழுத்து உள்ளது என்பனவே கேள்விகளாகின்றன. உறுதி வைத்திருப்பவன் உரிமையாளன். உறுதியில்லாதவன் அத்துமீறிக் குடியேறியவன். காணி வழக்கிலே இது பொருந்தலாம். மனிதரின் வாழ்வுரிமையை இவ்வளவுகோலால் அளக்கும்போதுதான் கேடு விளைகின்றது.

இலங்கையிலும் அவ்வாறே நேர்ந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க் காலத்திலே துப்பாக்கிகளோடு வரலாறும் பேசியது. ஒரு புறத்தில் மகாவம்சமும் விசயனின் வருகையும் எடுத்துரைக்கப்பட்டன. மறுபுறத்தில் யாழ்ப்பாண இராச்சியமும், 1980இல் ஆனைக்கோட்டையிற் கிடைத்த முத்திரையும் எடுத்துரைக்கப்பட்டன. இந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் நேர்மையான புலமைக் குரல்கள் ஒலித்தன என்பதை மறத்தலாகாது. பேராதனையின் வரலாற்றுப் பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன, சிங்கள அடையாளம் காலந்தோறும் மாறி வளர்ந்ததென்று 1979இல் ஒரு கட்டுரையில் நிறுவ முற்பட்டார். அதே பல்கலைக்கழகத்தின் சிங்களப் பேராசிரியர் கே. என். ஓ. தர்மதாச அதனை மறுத்து எழுதினார். ஒரே வளாகத்திற் பணியாற்றிய இருவர், நாடு எரிந்துகொண்டிருந்த காலத்திலே, சான்றுகளை முன்வைத்து வாதிட்டனர். தமிழர் தரப்பில் கா. இந்திரபாலா தமது 1965ஆம் ஆண்டின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் முடிவுகளைத் தாமே மீளாய்வு செய்து, இலங்கைத் தமிழரின் இன அடையாள உருவாக்கம் பற்றிய விரிவான நூலை 2005இல் வெளியிட்டார். தம்முடைய பழைய முடிவைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு போர்க் காலத்தில் அரிதானது.

ஆயினும் இவ்விவாதங்களை அட்டனிலிருந்து நோக்குமிடத்து ஒரு குறை புலப்படும். வாதி, பிரதிவாதி இருவரும் பேசியது இரண்டாயிரம் ஆண்டுகளைப் பற்றி. மலையக மக்களுக்கு இந்நாட்டில் இருந்தது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுடைய முன்னோர். தொன்மையே உரிமை என்ற வழக்கு மன்றத்திலே அவர்கள் கையில் உறுதிப் பத்திரம் இல்லை.

இது வெறும் உவமையன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ என்று அவர்களைத் தனியே பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தந்தை இங்கு பிறந்தார் என்று நிறுவு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தனர் என்று நிறுவு என்றது அச்சட்டம். பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலத்துத் தோட்டத்திலே அதனை நிறுவுவது எவ்வாறு? 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிட்டிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரி பாதியாகப் பிரித்துக்கொண்டன. வரலாறு மறுக்கப்பட்ட மக்கள் எண்களாக மாற்றப்படுவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போரைத் தீர்க்க எழுந்த பேச்சுக்களிலும் மலையகம் ஓரத்திலேயே நின்றது. 1985இல் திம்புவிலே தமிழர் தரப்பு முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் முதல் மூன்றும் தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம் பற்றியவை. இத்தீவைத் தாய்நாடாகக் கருதும் தமிழர் அனைவருக்கும் பிரசாவுரிமை என்பது நான்காவதாக வந்தது. 1987 யூலை 29ஆந் திகதியின் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவரும் பிரதேசங்களென ஏற்றுக்கொண்டது. அது ஒரு பெரும் ஏற்பு; ஐயமில்லை. ஆனால் வரலாற்று ரீதியான வாழ்விடம் என்ற அச்சொற்றொடரைத் தலவாக்கலையில் இருந்து வாசித்தவனுக்கு, தான் மீண்டும் ஒருமுறை வரலாற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டதாகவே தோன்றியிருக்கும்.

தாயகத்தின் எல்லைக்கு வெளியே நின்றவர்களை வன்செயல் மட்டும் விட்டுவைக்கவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தோட்டங்களையும் தாக்கின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்று தமிழுலகம் இன்றும் கலங்குகின்றது. மலையகத்தாரிடம் எரிப்பதற்கு அத்தகைய நூலகம் இருக்கவில்லை. 1983 யூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அவற்றினுள்ளே இருந்த றங்குப் பெட்டிகளும் எரிந்தன. அப்பெட்டிகளே அம்மக்களின் சுவடிக்கூடம் என்பதை அன்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அவ்வாண்டிலே தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டும் நோக்கத்தோடு ஒரு மானிடவியலாளர் இலங்கைக்கு வந்தார். அவர் ஈ. வலன்டைன் டானியல். அவர் வந்த வேளை நாடு வன்செயலின் சாம்பலிற் கிடந்தது. பாடல் கேட்க வந்தவர் ஒப்பாரிக்கும் அப்பாற்பட்ட மௌனத்தைக் கேட்க நேர்ந்தது. அதன் விளைவாக 1996இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, கருகிய தாலாட்டுகள் என்று பொருள்படுவது. தந்தையைக் கொலையில் இழந்த ஒரு மகள், இக்கதையை உலகுக்கு எடுத்துச் சொல்லும்படியும், தந்தையின் மானத்தைக் கருதி எவருக்கும் சொல்லாதிருக்கும்படியும் அவரிடம் வேண்டிக்கொண்டாள் என அந்நூல் கூறுகின்றது. போர்க் காலத்து வரலாற்றாய்வின் முழு இக்கட்டும் அவ்வேண்டுகோளுக்குள் அடங்கிவிடுகின்றது எனலாம். சான்று என்பது கல்லிலும் செப்பேட்டிலும் மட்டும் இருப்பதன்று. அது ஒரு மனிதரின் தொண்டையிலும் சிக்கியிருக்கும்.

அதே 1983இல் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, அடுத்த ஆண்டுகளிலே தம் மக்கள் வாக்குரிமை இழந்ததைக் கண்ட மனிதர் அவர். அரசன் பெயரோ ஆண்ட எல்லையோ இல்லாத வரலாற்றை அவர் பாடல்களிலே தேடினார். கொழுந்து பறித்தவளும், முள்ளு குத்தியவனும், கங்காணியின் கணக்கில் ஏமாந்தவனும் அவ்வரலாற்றின் மாந்தர். 1984இல் அவர் மறைந்தார். அவர் தொடக்கிய பணி நிற்கவில்லை. சாரல் நாடன், தேசபக்தன் கோ. நடேசய்யரின் வாழ்வை ஆராய்ந்து நூலாக்கினார். 1930களில் அட்டனைத் தளமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கிய அம்மனிதரையும், கூட்டங்களிற் பாடிப் பேசிய அவர் துணைவி மீனாட்சியம்மாளையும் புதிய தலைமுறை அதனாலேயே அறிந்தது. அந்தனி ஜீவா ‘கொழுந்து’ இதழை நடத்தினார். ‘தீர்த்தக்கரை’, ‘குன்றின் குரல்’, ‘நந்தலாலா’ ஆகிய இதழ்கள் வெளிவந்தன. மலையகத் தமிழ் மக்களின் வரலாறு பற்றி எஸ். நடேசன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1993இல் நந்தலாலா வெளியீடாக வந்தது. அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நடைமுறையிலிருந்த காலம் அது. மலையக இளைஞன் நகரத்துக்குப் போனால் தமிழன் என்று நிறுத்தப்பட்டான். அத்தகைய நாட்களிலே ஓர் இதழை அச்சிட்டு, அஞ்சலிற் சேர்த்து, ஐம்பது பேரைக் கூட்டி வரலாறு பேசுவது சிறிய செயலன்று.

இவ்வுரையாடல் சிங்கள மக்களை விலக்கியும் நடைபெறவில்லை. இயேசு சபைத் துறவியான பாதர் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியிலே நிறுவிய சத்தியோதயம், தோட்டத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமத்தையும் ஒரே கூரையின் கீழ் இருத்திப் பேசவைக்க முயன்றது. அங்கே எழுந்த வினா மிகவும் கூரியது. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் மலைக்காட்டை இழந்தது உண்மை. அதனை எடுத்தது யார்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன என்று ஆக்கி, தோட்டக்காரருக்கு விற்க வழி திறந்தது. கிராமத்தவனிடமும் அன்று காட்டுவதற்கு உறுதி இருக்கவில்லை! அவ்வாறு எடுக்கப்பட்ட நிலத்திலே கூலிக்கு உழைக்கக் கொண்டுவரப்பட்டவனுக்கோ ஒரு பிடி மண்ணும் சொந்தமாகவில்லை. ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவன் நிலமின்றியே வாழ்ந்தான். இருவரையும் எதிரிகளாக்கியது வரலாறன்று; வரலாற்றைப் பாதியிலே நிறுத்திச் சொன்ன அரசியல். முழுமையாகச் சொல்லப்பட்ட வரலாறு பகைவரையும் அயலவராக்கும் ஆற்றல் உடையது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

பெயர் பற்றிய உரையாடலும் இதனோடு இணைந்தது. ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘கூலி’ என்றும் இகழ்ந்தோர் உண்டு. ‘இந்தியத் தமிழர்’ என்ற அரச வழக்கு, இங்கே ஐந்து தலைமுறை வாழ்ந்தவனையும் அக்கரைக்கு உரியவனாகச் சுட்டிற்று. அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கமும் அவரிடம் பயின்ற இளைஞரும் 1960களிலே மலைநாட்டான் என்ற சொல்லை நிமிர்ந்து சொல்லப் பழக்கினர். அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரால் நினைவுப் பேருரைகள் நடைபெற்று வந்துள்ளன. 1989இல் தோன்றிய மலையக மக்கள் முன்னணி அச்சொல்லை ஓர் அரசியற் கட்சியின் பெயராக்கிற்று. வந்த திசையால் அன்றி வாழும் மண்ணால் தம்மைப் பெயரிட்டுக்கொண்டமை, தொன்மை வாதத்துக்கு மலையகம் அளித்த மறுமொழி. எப்போது வந்தாய் என்ற வினாவுக்கு, இங்கே என்ன செய்தேன் என்று பார் என்பதே அம்மறுமொழியின் உட்கிடை.

இவ்வுரையாடலைப் போற்றுமிடத்து அதன் குறைகளையும் மறைத்தல் தகாது. முதலாவது, தோட்டத்தில் கொழுந்து பறிப்போர் பெண்கள். மேடையிற் பேசியோர் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் பாடல்கள் திரட்டப்பட்டன. பெண்கள் வரலாற்றாசிரியராக அழைக்கப்பட்டமை குறைவு. இரண்டாவது, வன்னி. 1970களிலும் 1983க்குப் பின்னரும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த மலையகக் குடும்பங்கள் பலவாகும். அவர்களைக் குடியமர்த்துவதிலே காந்தியம் என்ற அமைப்பு பெரும்பணி ஆற்றிற்று. அக்குடும்பங்களுட் பல 2009இன் இறுதிப் போருக்குள்ளும் அகப்பட்டன. தாயகத்தின் வரலாறு எழுதுவோர் அவர்களை மலையகத்தவர் என்று விடுத்தனர். மலையகத்தின் வரலாறு எழுதுவோர் அவர்களை வன்னியார் என்று விடுத்தனர். போரின் மிகக் கொடிய பக்கத்தைக் கண்டவர்கள் இரு ஏடுகளிலும் அடிக்குறிப்பாகினர். இக்கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

அட்டனுக்கு அண்மையிலுள்ள அந்த லயத்திலே பேச்சு அன்றிரவு இப்பொருளுக்கே வந்து சேர்ந்தது. உண்டு முடித்த பின் மாணவன், பழைய கடதாசிகள் இருக்கின்றனவா எனப் பாட்டியிடம் கேட்டான்.

“அதெல்லாம் எதுக்குய்யா ஒனக்கு? பொலிசு வந்து கேட்டா காட்டுறதுக்குத்தான் வச்சிருந்தேன்.”

கட்டிலின் கீழிருந்து றங்குப் பெட்டி வெளியே வந்தது. அந்துருண்டை மணத்தோடு ஒவ்வொன்றாகக் கடதாசிகள் எடுக்கப்பட்டன. அவளுடைய தகப்பனாரின் பிரசாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை அறிவித்த ஆங்கிலக் கடிதம் ஒன்று. அவர் அதனை வாசிக்க அறியாதவர், ஆயினும் நான்காக மடித்துக் காத்திருந்தார். தங்கைக்குக் கிடைத்த இந்தியக் கடவுச்சீட்டின் இலக்கம் எழுதிய துண்டு ஒன்று. தங்கை இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினாள். பின்னர் செல்லவிருந்த அண்ணன் குடும்பம், 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை போரினால் நின்றபோது இக்கரையிலே தங்கிவிட்டது. போர் ஒரு குடும்பத்தை இரண்டாக்கிற்று. அதே போர் ஒரு குடும்பத்தை நாடு கடத்தாமலும் விட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்த பின்னர் அண்ணனுக்குக் கிடைத்த அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் அங்கே இருந்தது. அவர் இல்லை.

“இதுல சரித்திரம் எங்கய்யா இருக்கு? எல்லாம் இல்ல, முடியாதுன்னு எழுதுன கடுதாசிதான்.”

அவள் கூற்றில் ஒரு நுட்பமான வரலாற்றுணர்வு உண்டு. அரசுகள் இல்லை என்று எழுதிய கடிதங்களே, அம்மக்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்றாக எஞ்சியுள்ளன. மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித்தமிழ்’ என்ற நூல், துரைமார் தொழிலாளரை ஏவுவதற்காகக் கற்ற தமிழ்ப் பாட நூல்களிலிருந்து அத்தொழிலாளரின் வாழ்வை மீட்டெடுத்துக் காட்டுகின்றது. ஆண்டவன் எழுதிய ஏட்டிலே ஆளப்பட்டவனைத் தேடிக் காணுதல் இம்மண்ணின் வரலாற்றுக்கலைக்கு இன்றியமையாத பயிற்சியாகும். கம்பளைக்கு அருகே இராவணாகொடையில் ஒரு பழைய லயத்திலே 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகம் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. அங்கே முடியும் செங்கோலும் இல்லை. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு, 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, முன்னோர் காடு கடந்து வந்த பாதையைப் பின்பற்றி, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. சிங்கள, முஸ்லிம் ஊர்களினூடாகவும் அது சென்றது. உறுதி காட்டி உரிமை கோரிய நடையன்று அது. உழைப்பைக் காட்டி உரிமை கோரிய நடை. ஆயினும் லயம் இருக்கும் நிலம் இன்னும் பெரும்பாலோருக்குச் சொந்தமில்லை. காணி உறுதி என்ற சொல் மலையகத்திலே உவமையாகவும் உண்மையாகவும் இன்றும் எட்டாக் கனியாகவே உள்ளது.

உக்ரெயினிய அறிஞர் குண்டு மழைக்கிடையிலும் தம் நாட்டு வரலாற்றைப் பேசுகின்றனர், பேசத்தான் வேண்டும். தமக்கு வரலாறே இல்லையென்று கூறி வருபவன் முன்னே மௌனம் தற்கொலையாகும். ஆயினும் மலையகத்தின் அனுபவம் அவர்களுக்கும் நமக்கும் ஒரு செய்தியைச் சொல்கின்றது. மறுப்பவனுக்கு மறுமொழி கூறும் அவசரத்திலே, வரலாறு வெறும் உறுதிப் பத்திரமாகச் சுருங்கிவிடலாகாது. நம்முடைய உறுதியிலே பெயர் இடம்பெறாத அயலவனும் அம்மண்ணில் வாழ்கிறான். அவனுடைய றங்குப் பெட்டிக்கும் இடமளிக்கும் வரலாறே போருக்குப் பின்னரும் நின்று பயன் தரும்.

அந்த மாணவன் விடுமுறை முடிந்து பேராதனைக்குத் திரும்பிய காலையிலே, பாட்டி கடதாசிகளை மீண்டும் மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். அவன் ஒவ்வொன்றையும் படம் எடுத்திருந்தான். மூடியைச் சாத்துமுன் அவள் சொன்னாள்: “எழுதுறதுனா எழுதுய்யா. ஆனா எங்கப்பா பேரத் தப்பில்லாம எழுது. அந்தக் கடுதாசில தப்பாத்தான் எழுதியிருக்காங்களாம்.”

வரலாறு பயில்வோர் மனங்கொள்ள வேண்டிய முதல் விதியும் அதுவே.